தோலை எறிய முன் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்



மிளகு ஏன் கறுக்கிறது? இதைக் கேட்டால் நம் பிள்ளைகள் "வெயிலில் காய்ந்ததால்" என்பார்கள். முற்றத்தில் சாக்கு விரித்து வருடா வருடம் மிளகு காயவைக்கிற வீட்டுப் பிள்ளையும் இதையேதான் சொல்லும்.

உண்மையான பதில் மிளகின் தோலில் இருக்கிறது. தோலின் கலங்கள் உடையும்போது, அவற்றிலுள்ள பீனோல் சேர்வைகள் நொதியத்தின் உதவியோடு காற்றின் ஒட்சிசனுடன் சேர்ந்து கறுக்கின்றன. வாழைத்தோல் கறுப்பதும் இப்படித்தான். காயவைக்க முன் மிளகைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தச் சொல்வதும் இதற்காகத்தான்: கலச்சுவர் உடைந்து, சீராகக் கறுத்து, கெதியாகக் காயும். பழுக்கத் தொடங்கிய மிளகை ஊறவைத்துத் தோலை நீக்கினால் அதுவே வெள்ளை மிளகு. விலையும் பொதுவாகக் கூட.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கலத்தின் படம் கீறிப் பெயர் குறிக்கத் தெரியும். கலத்தைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள்ளேயே கிடக்கும் பாடசாலைகளை நாங்கள் அறிவோம். 1665இல் ரொபர்ட் ஹூக் கலத்துக்குப் பெயர் வைத்தது தக்கையை மெல்லியதாகச் சீவிப் பார்த்துத்தான். புத்தகப் படத்தைப் பார்த்து அல்ல.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. தோடம்பழத் தோலைச் சீவி வைத்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறு பைகளாகத் தெரியும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமொனீன். பச்சை வாழைக்காய்த் தோலில் அயடீன் விட்டால் மாப்பொருள் மணிகள் கருநீலமாகும். நன்கு பழுத்த தோலில் அது குறைந்திருக்கும். மீன் கறிக்குப் போடும் கொரக்காவும் காய்ந்த பழத்தோல்தான். அதில் ஐதரொட்சி சிற்றிக் அமிலம் இருக்கிறது. சீவும் வேலையை ஆசிரியர் செய்யட்டும், பார்க்கும் வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகை விற்கும் வீட்டுப் பிள்ளை நாளை அங்கே மிளகை ஆராயும் ஆளாக வர வேண்டும். ஆசை சின்ன வகுப்பிலேயே பிடிக்க வேண்டும்.

பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நுழைவாயில் வளைவைப் பற்றிப் பேச முன், "நம் பிள்ளைகள் இந்தத் தவணையில் நுணுக்குக்காட்டியைத் தொட்டார்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒரு பெட்டி கண்ணாடி வழுக்கிக்குக் காசு சேருங்கள். தோலை நாங்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறோம்.