போலீஸ் போதும், ஒரு துப்பறிவாளனைக் கொடுங்கள்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல துப்பறிவாளனைக் கண்ணில் காட்டாமலே இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்துவிட்டது நம் தமிழ்த் தொலைக்காட்சி. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கிறவர்கள் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளவும் :-)

1993-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதே வருஷம் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜி இயக்கிய 'வ்யோம்கேஷ் பக்ஷி' முதல் சீசன் வந்தது. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-லிருந்து வங்காளத்தில் எழுதிய கதைகள். வேட்டி, ஜிப்பாவில் ரஜித் கபூர். கூடவே நண்பன் அஜித்தாக கே.கே. ரெய்னா. அடிதடி கிடையாது, டூயட் கிடையாது. செட்டைப் பார்த்தாலே தெரியும், கையில் காசும் கிடையாது. இருந்தாலும் 1997-இல் இரண்டாவது சீசன் வந்தது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுபடி எடுத்துப் போட்டபோது புதிதாக ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்தது.

நான் ஆனைகட்டிக்காரன். கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை தாண்டி மலையேறினால் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் அட்டப்பாடி. எங்கள் வீடு அந்தப் பக்கம். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், மலைக்குள் போனால் இருளர் பேச்சு. இந்தி மட்டும் யாருக்கும் வராது. ஆனாலும் அந்த வங்காளத்து ஆள் இந்தியில் பேசிக்கொண்டே துப்புத் துலக்கியது எங்களுக்குப் புரிந்தது. காரணம் சுலபம். அவன் எதைப் பார்க்கிறானோ அதையேதான் கேமராவும் நமக்குக் காட்டியது. கிராமபோன் ஊசியால் ஆளைக் கொல்கிறார்கள் என்றால், அந்த ஊசி எங்கிருந்து வருகிறது என்று நாமும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளலாம். பார்க்கிறவனுக்கு மூளை உண்டு என்று நம்பி எடுத்த தொடர் அது.

சரி, தமிழில் சரக்கு இல்லையா? அங்கேதான் வயிறு எரிகிறது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-லேயே சினிமாவுக்கு வந்துவிட்டார், நம்பியார் நடித்து. தமிழ்வாணனின் டீ குடிக்கும் சங்கர்லால். சுஜாதாவின் கணேஷ்-வசந்த். சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா. எங்கள் கோவையின் ராஜேஷ்குமார் மட்டுமே 1500 நாவலுக்கு மேல் எழுதியவர். ஊர் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் மாலை மாதிரி தொங்கியவை இவைதான்.

இவற்றில் சின்னத்திரைக்கு என்ன வந்தது? தேவனின் 'துப்பறியும் சாம்பு' வந்தது. காத்தாடி ராமமூர்த்திதான் சாம்பு. சும்மா சொல்லக்கூடாது, அருமையான நகைச்சுவை. ஆனால் சாம்பு யார்? அசட்டு அதிர்ஷ்டத்தில் குற்றவாளி மேல் போய் விழுகிறவர். 1940-களில் துப்பறியும் கதைகளைக் கிண்டலடிக்கப் பிறந்த பாத்திரம். கிண்டலை எடுத்தோம், கிண்டலடிக்கப்பட்ட அசலை விட்டுவிட்டோம். மற்றபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக முயற்சிகள் நடந்திருக்கலாம். ஆனால் வ்யோம்கேஷ் மாதிரி, பெயரைச் சொன்னதும் நாடே முகத்தை நினைவுக்குக் கொண்டுவரும் ஒரு ஆள் நமக்கு வாய்த்தாரா?

"மக்கள் மெகாசீரியல்தான் கேட்கிறார்கள், டிடெக்டிவ் எல்லாம் ஓடாது" என்பது சேனல்காரர்களின் பழைய பல்லவி. ஓடாதா? நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொண்ணூறுகளில் ஓடவில்லையா? 'விடாது கருப்பு'வை இன்றும் யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். 1988-இல் மம்முட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தே துப்பறிந்த 'ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு' மலையாளத்திலேயே வந்து சென்னையில் நெடுநாள் ஓடியது. சேதுராம ஐயர் ஐந்தாவது படம் வரைக்கும், 2022 வரைக்கும் வந்தார். பார்க்க ஆள் இல்லை என்பது பொய்.

உண்மைக் காரணம் வேறு. துப்பறியும் கதை முடிந்தாக வேண்டும். மெகாசீரியல் முடியவே கூடாது. 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை 1533 எபிசோடு. சதி செய்தவன் தண்டனை பெற ஆறு வருஷம்! வ்யோம்கேஷுக்குப் பெரும்பாலும் ஒரு எபிசோடு போதும். கணக்கு முடிந்துவிட்டால் விளம்பரக் கணக்கும் முடிந்துவிடும் அல்லவா, அதுதான் அவர்கள் பயம்.

இங்கே மெல்பர்னில் என்ன நடக்கிறது பாருங்கள். கெர்ரி கிரீன்வுட் என்று ஒரு உள்ளூர் எழுத்தாளர், 1989-லிருந்து 1920-களின் மெல்பர்னை வைத்து ஃபிரைனி ஃபிஷர் என்ற பெண் துப்பறிவாளர் கதைகளை எழுதினார். அரசு ஒலிபரப்பான ஏபிசி 2012 முதல் 2015 வரை மூன்று சீசனாக, 34 எபிசோடு எடுத்தது. என் மகள் இந்த ஊர் டிராம் தெருக்களை அந்தத் தொடரில் பார்த்துத்தான் நேசிக்கத் தொடங்கினாள். "அப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி யாரும் கிடையாதா?" என்று கேட்டாள். நாவல் இருக்கிறது, காட்டுவதற்குப் படம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபிஷரின் முதல் கதையும் வ்யோம்கேஷின் முதல் கதையும் கொக்கெய்ன் கடத்தலில்தான் தொடங்குகின்றன. இரண்டு ஊரும் தங்கள் குற்றத்தைத் தாங்களே முகம் பார்த்தன.

இப்போது ஓடிடி வந்துவிட்டதே என்பீர்கள். 'சுழல்' வந்தது, 'வதந்தி' வந்தது, இரண்டும் 2022. நல்ல முயற்சிகள்தான், ஆனால் விசாரிப்பவர் போலீஸ். 2017-இல் மிஷ்கின் 'துப்பறிவாளன்' எடுத்தார். பாராட்டலாம், ஆனால் அவனும் அடித்துத் துவைக்க வேண்டியிருந்தது. அதிகாரமோ முஷ்டியோ இல்லாமல் ஒருவன் உண்மையை அடைய முடியும் என்பதை நாம் நம்ப மறுக்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். 2018 பிப்ரவரி 22. எங்கள் அட்டப்பாடியின் முக்காலி. மது என்ற பழங்குடி இளைஞரைத் 'திருடன்' என்று ஒரு கும்பல் முடிவுகட்டிப் பிடித்து, கையைக் கட்டி அடித்தது. செல்ஃபியும் எடுத்துக்கொண்டது. அவர் செத்துப்போனார். விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். பதவியோ பணமோ இல்லாத அவருடைய தாயும் தங்கையும் விடாமல் நின்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

ஒரு டிவி தொடர் பார்த்திருந்தால் அந்தக் கும்பல் திருந்தியிருக்கும் என்று உளறமாட்டேன். ஆனால் முகத்தைப் பார்த்தே திருடன் யார் என்று முடிவுகட்டும் பழக்கத்தை எது வளர்க்கிறது? வில்லி உள்ளே நுழைந்ததும் டமார் என்று பின்னணி இசை, மூன்று முறை முகத்தில் ஜூம். யார் கெட்டவர் என்று முதல் நிமிஷமே தீர்ப்பு. ஆதாரம் தேவையே இல்லை. துப்பறியும் கதை இதற்கு நேர் எதிர். திருடன் மாதிரி இருப்பவன் திருடன் இல்லை, சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டே இருக்கும். வ்யோம்கேஷுக்கு 'டிடெக்டிவ்' என்ற சொல்லே பிடிக்காது. தன்னை 'சத்யான்வேஷி', உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்வான்.

வெளிநாட்டில் மாதச் சந்தா கட்டித் தமிழ் சேனல் வாங்குகிறவர்கள் நாம். காசு கொடுக்கிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு. கேளுங்கள். ஒரு சீசன் போதும், பதிமூன்று எபிசோடு. கோவை தெருக்களில் நடக்கும் ஒரு ராஜேஷ்குமார் கதை, சென்னை ஐகோர்ட் வராந்தாவில் ஒரு கணேஷ்-வசந்த். அதுவரைக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வ்யோம்கேஷைப் போடுங்கள். "யார் செய்திருப்பார்?" என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள்.