மலைக்காட்டுக்குப் போகுமுன்...

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர். இங்கே கப்பல் உண்டு, ஆலை உண்டு, புகையும் உண்டு. மலை மட்டும் இல்லை! விடுமுறை வந்தால் மலைக்காட்டில் கூடாரம் அடித்துத் தங்க ஆசை வருவது இயல்புதான். ஆனால் அவசரம் கூடாது.

2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் அதில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் மாண்டனர்.

ஏன் தப்ப முடியவில்லை? மார்ச் மாதம் மலைப் புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சேர்ந்தால், சரிவில் ஏறும் தீ மனிதனை முந்திவிடும். அந்தப் பாதைக்கு அனுமதி பெறவில்லை என்று அதிகாரிகள் அப்போது கூறினர்.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும் 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அப்படியானால் ஆசையை அடக்கிக்கொள்வதா? வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். வடசென்னைக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. ஆதி மனிதனின் கல் ஆயுதங்கள் கிடைத்த இடம் அது!

2025-ல் பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதம் பாதைகள் மூடப்பட்டன. காட்டுத் தீக்கு அஞ்சியே இந்த ஏற்பாடு. மூடினால் சலித்துக்கொள்ள வேண்டாம். மலை எங்கும் ஓடிவிடாது. போன பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!