கம்பத்தில் வெளிச்சம், காலடியில் கும்மிருட்டு!

இரவு மணி 9. சென்னையின் பெரிய ரோடு ஒன்றில் பஸ்சை விட்டு இறங்குகிறார் ஒரு பெண். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். தோளில் பை, கையில் டிபன் கேரியர். வீட்டுக்கு 10 நிமிஷ நடை.

ரோடு பளபளவென்று இருக்கிறது. கார்களும் ஆட்டோக்களும் பறக்கின்றன. அவர் நடைபாதையில் கால் வைக்கிறார். கும்மிருட்டு!

விளக்கு எரியவில்லையா? எரிகிறது. கம்பத்துக்குக் கம்பம் ஜோராக எரிகிறது. ஆனால் யாருக்காக?

பல பெரிய சாலைகளில் விளக்குக் கம்பம் நடு மீடியனில் நிற்கிறது. இரண்டு கையையும் நீட்டி ரோட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. ஓரத்தில் இருப்பது தூங்குமூஞ்சி மரம். மரத்துக்கு மேலே வெளிச்சம், மரத்துக்குக் கீழே மனிதன். கம்பத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் கீழே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அந்த மிச்சத்தையும் இலைகள் தின்றுவிடுகின்றன.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. ஐ.எஸ். 1944 என்ற இந்தியத் தர விதி, முக்கியமான சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் வெளிச்சம் என்கிறது. போக்குவரத்து குறைந்த சின்ன ரோட்டுக்கு 4 லக்ஸ். பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ்தான். 4 லக்ஸே நடப்பவருக்குப் போதும். அது நடைபாதையில் விழ வேண்டுமே! வண்டி ஓடும் தாரில் மீட்டரை வைத்து அளந்தால் கணக்கு சரியாக வரும். சாக்கடை மூடியின் மேல் வைத்து அளப்பவர் யார்?

நடப்பவர் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். பெயர்ந்த சிலாப், திறந்த மூடி, படுத்திருக்கும் நாய். 2022 அக்டோபரில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்த ஓர் இளைஞர் இதே சென்னையில் உயிரிழந்தார். அதை மறந்துவிட முடியுமா?

அடுத்தது எதிரே வருகிற முகம். பக்கத்து வீட்டுக்காரரா, செயின் பறிக்கும் ஆசாமியா? நாலைந்து கெஜ தூரத்திலேயே தெரிந்தால்தான் ஒதுங்கலாம், கூச்சல் போடலாம். உச்சந்தலைக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் முகத்தில் நிழல்தான் மிஞ்சும். கொஞ்சம் பக்கவாட்டில் வர வேண்டும்.

மூன்றாவது, வண்டிக்காரருக்கு இவரைத் தெரிய வேண்டும். வரிக்குதிரைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விளக்கு இருந்தால் குறுக்கே போகிறவர் வெறும் நிழலாகத் தெரிவார். வண்டி வருகிற பக்கம், கோட்டுக்குச் சற்று முன்பே விளக்கு இருந்தால்தான் வெளிச்சம் அவர் மேல் விழும். 2022-ல் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்தில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர். இருட்டு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'ஆள் வந்ததே தெரியலீங்க' என்று டிரைவர் சொல்வது எப்போதும் பொய்யல்ல.

மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது நல்லதுதான். மின்சாரம் மிச்சம். நிறமும் தெரிகிறது. அந்தக் காலத்து மஞ்சள் வெளிச்சத்தில் பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும் ஒன்றுதான். 'என்ன கலர் சட்டை?' என்று போலீஸ் கேட்டால் சாட்சி திருதிருவென விழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கூசுகிறதே! எதிரே ஹைபீம் போட்டு வரும் மோட்டார் சைக்கிள் வேறு. பளீரென்று பார்த்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். 60 வயதுக்காரர் கண்ணுக்குள் போவது 20 வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான். பெரியவர் தடுமாறுவது கால் கோளாறால் மட்டுமல்ல.

இன்று நடைபாதைக்கு உண்மையில் விளக்குப் போடுவது யார்? டீக்கடை, மருந்துக்கடை, வெற்றிலை பாக்குக் கடை. அவர்கள் கரண்ட் பில்லில் மாநகராட்சிக்கு உபகாரம்! 10 மணிக்கு ஷட்டர் இறங்கினால் அந்த வெளிச்சமும் போச்சு.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓரத்தில் கம்பம் இருக்கிற இடத்தில் அதே கம்பத்தில், மரக்கிளைக்குக் கீழே, நடைபாதையைப் பார்த்து இன்னொரு சின்ன விளக்கு. மறைக்கிற கிளையை மட்டும் கழித்தால் போதும். மரத்தை வெட்டிவிட்டு 'வெளிச்சம் தந்தோம்' என்று சொல்ல வேண்டாம்.

விளக்கு எரியாவிட்டால் 1913-க்குப் போன் போடலாம். எரிகிறது, ஆனால் வழி தெரியவில்லை என்றால் என்ன புகார் எழுதிக்கொள்வார்கள்? ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் எல்லா விளக்கும் எரியும். வார்டு என்ஜினீயர்கள் ஓர் இரவு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, செல்போன் டார்ச்சைப் பையில் போட்டுவிட்டு, நடைபாதையிலேயே தெருமுனை வரை நடந்து பார்க்கட்டும். தடுக்கிய இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளட்டும். வடகிழக்குப் பருவமழை வந்து தண்ணீர் தேங்குவதற்குள் அந்தப் பட்டியல் கமிஷனர் மேஜைக்குப் போக வேண்டும்.