சபைக்கு அஞ்சுவோர் சார்பில்

நாலு பேர் முன்னிலையில் எழுந்து பேச நா எழாதவனுக்கு உள்ளே சரக்கு ஒன்றுமில்லை என்றும், வாக்குவன்மை பிறவியிலேயே வாய்க்கும் வரப்பிரசாதம் என்றும், நடுக்கம் அடியோடு நீங்கிய பிறகே ஒருவன் மேடைமீது கால் வைக்கவேண்டும் என்றும் நம்மவரிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம், விஷயம் அறிந்தவர்கள் பலரைப் பின்வரிசையிலேயே உட்கார்த்தி வைத்திருப்பதால், அதைக் கண்டிக்காமல் இருப்பதற்கில்லை.

இக்கட்சியார் முதலில் துணைக்கு அழைப்பது திருவள்ளுவரை. சபையைக் கண்டு அஞ்சுபவனுடைய கல்வியை அவர் இழித்துரைத்தது மெய்தான். ஆயினும், அவையஞ்சாமைக்கு முன்னதாக அவையறிதலை வைத்தவரும், அஞ்சாமல் விடையிறுப்பதற்காகவே தருக்க நூலைக் கற்கவேண்டும் என்று அதே அதிகாரத்தில் வற்புறுத்தியவரும் அவரேயன்றோ? பிறவிக் குணமானால் அதற்குப் பாடம் எதற்கு?

மேடையில் நெஞ்சு படபடப்பதும் நா வறள்வதும், அபாயத்தில் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தமேயாகும். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குப் புலியென்றும் சபையென்றும் பேதம் தெரியாது. பண்டிதன், பாமரன் என்ற பேதமும் தெரியாது.

இங்கிலாந்தில் சட்டம் பயின்ற காலத்தில், வெண்ட்னர் என்னும் ஊரில் நடந்த சைவ உணவாளர் கூட்டத்தில், ஒரு தாளைக்கூட நிரப்பாத தம் உரையைப் படிக்க எழுந்து, கண் மங்கி உடல் நடுங்கிப்போனமையால் அதை நண்பரைக் கொண்டு வாசிக்கச் செய்தவரும், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கிலேயே தலை சுழன்று, குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வியும் தோன்றாமல் உட்கார்ந்து, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியவருமான அந்த பாரிஸ்டர், மகாத்மா காந்தியேயாவார். அவரே 1893-ல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் சத்தியத்தைக் கடைப்பிடிப்பது பற்றி, விஷயத்தை முன்கூட்டியே சிந்தித்துக்கொண்டு போய்ப் பேசினார். அதுவே தமது முதல் பொதுப் பிரசங்கம் என்று சுயசரிதையில் குறிப்பிடுகிறார். இடையில் அவருடைய சுபாவம் மாறிவிடவில்லை. சொல்லியே தீரவேண்டியதொரு விஷயம் கிடைத்திருந்தது. கூச்சம் தம்மை முற்றிலும் விட்டகன்றதில்லை என்றும், சொற்களைச் சிக்கனமாக ஆளும் வழக்கத்தைத் தமக்குக் கற்பித்தது அதுவே என்றும் அவர் எழுதியிருப்பதை நம் பிரசங்கிகள் ஏனோ எடுத்துச் சொல்வதில்லை.

“தைரியமாக இரு” என்று முதுகில் தட்டுவது உபதேசமேயன்றி உபாயமன்று. உரை முழுவதையும் நெட்டுருப் போடுவதோ அதைவிட ஆபத்து. அவ்வாறு செய்துவந்த சர்ச்சில், 1904-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நடுவே சொல் மறந்து அமர்ந்துவிட்டு, பிறகு குறிப்புகளைக் கையில் வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக் கொண்டார். விஷயத்தை வகைப்படுத்தி, தொடக்க வாக்கியங்களை மட்டும் உறுதியாக மனத்திலிருத்தி, சிறு கூட்டங்களில் அடிக்கடி பேசிப் பழகினால், நடுக்கம் இருந்தபடியே இருக்கப் பேச்சு நடந்துவிடும்.

நடுக்கமே அறியாத மேடைச் சிங்கங்களோ, தலைவர் மணியடித்த பிறகும் “இறுதியாக ஒன்று” என அரைமணி நேரம் கர்ஜித்து, நன்றியுரை சொல்ல வந்தவர் நாற்காலி நுனியில் தவிப்பதையும் காணாமல், சபையோர் கைதட்டி உட்காரவைக்க முயல்வதையும் பாராட்டென்றே கொண்டு, மேலும் ஓர் உபகதை தொடங்குகிறார்கள். சபாகம்பத்துக்கு மருந்து தேடுகிற வைத்தியர்கள், அதை இவர்களுக்குச் சிறிது உண்டாக்கவும் வழி தேடலாம்.