கண்ணீரை விடு, காகிதத்தைப் படம் பிடி

தோழர்களே, 'பொய் வழக்கில் உள்ளே போன பையனோட அம்மா யாராவது இருந்தா காட்டுங்க' என்று காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் காமிராவோடு வருகிற தம்பிகளிடம் கேட்கிறேன். அந்த அம்மா அழுதால்தான் உங்களுக்குப் படமா? ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினவன் எங்கே? அவன் முகம் ஏன் உங்கள் படத்தில் வருவதே இல்லை?

2013இல் வந்த 'உயிர்வலி'யைப் பார்த்தவர்கள் அற்புதம்மாளைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் வழக்கை உலுக்கியது இன்னொருவர் வாய். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு, அதை முழுசாக எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டார். 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தது எழுதப்பட்டது. எதற்கென்று தெரியாது என்று பையன் சொன்னது விடப்பட்டது. அரை வாக்கியம், அவ்வளவுதான். 1991 ஜூனில் 19 வயதில் போனவர் 2022 மே 18இல்தான் விடுதலையானார். அப்போதும் குற்றமற்றவர் என்று யாரும் எழுதித் தரவில்லை.

1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது, இதில் தடா குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவைக் காட்டி போலீஸ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்! என்ன நியாயம் இது?

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். கைநாட்டு வைக்கிற ஆயாக்களுக்குச் சலான் நிரப்பித் தருகிறேன். நான் எழுதுவதுதான் அவர்கள் சொன்னது. ஐந்நூறை ஐயாயிரம் என்று எழுதினாலும் பக்கத்தில் அவர்கள் ரேகைதான் இருக்கும். எழுத்து யார் கையில் இருந்தது, இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தார் ஆறு பேர். 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது; 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, தலைக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி, போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்தக் காகிதத்தை யாரும் புரட்டவில்லை. இந்த ஆறு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆளை மீட்ட படத்துக்கும் பொறுப்பு உண்டு. எரல் மோரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' சாட்சிகளின் பொய்யைப் பிய்த்துப் போட்டது. தூக்குக்கயிறாகவோ ஊசியாகவோ, ஏதோ ஒன்றுக்கு மூன்று நாள் தூரம் வரை போய்வந்த ராண்டல் ஆடம்ஸ் 1989இல் வெளியே வந்தார். வந்தவர், தன் வாழ்க்கைக் கதையின் உரிமைக்காக அதே இயக்குநரோடு வழக்காட வேண்டியிருந்தது. கதை யாருடையது தோழர், வாழ்ந்தவனுடையதா, படம் பிடித்தவனுடையதா?

ஆகவே தம்பிகளே, முதலில் எஃப்.ஐ.ஆர். நகலையும் தீர்ப்பு நகலையும் வாங்கிப் படியுங்கள். எழுதின அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சம்மதத் தாளில் கையெழுத்து வாங்குமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒரு நகலைக் கையில் கொடுங்கள். வழக்கு நடக்கிறபோது பையன் பேசியது அவனையே மாட்டிவிடுமா என்று அவன் வக்கீலிடம் போட்டுக் காட்டுங்கள். அம்மா நாளைக்கு வேண்டாமென்றால் பதிவை அழியுங்கள். முதல் திரையிடல் அந்தத் தெருவில். அதற்குள் விழாத் தேதி போய்விடும் என்றால், பேசின் பிரிட்ஜோடு வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.