அசுரன் எலும்பா, அடிமரமா?

நமது செஞ்சி மலைப்பக்கத்தில் பிறந்து, புதுச்சேரிப் பக்கம் கடலில் விழுகின்ற செஞ்சியாற்றை அறிவீர்கள். சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. அந்த ஆற்றங்கரை ஊர்களில் திருவக்கரை என்பது ஒன்று. அங்கே செம்மண் மேட்டில் பெரிய பெரிய கல் உருளைகள், சுமார் 200, சாய்ந்தும் புதைந்தும் கிடக்கின்றன. 3 மீட்டர் நீளமும் உண்டு, 15 மீட்டர் நீளமும் உண்டு.

இவை என்னவென்று கேட்டால் ஸ்தல புராணக்காரர் கொஞ்சமும் தயங்குவதில்லை. வக்கிராசுரன் என்று ஒருவன் இருந்தானாம்; அவனைப் பெருமாள் கொன்றாராம்; அவன் எலும்புகளே இப்படிக் கல்லாகிக் கிடக்கின்றனவாம். சரி, எலும்பு என்றே வைத்துக் கொள்வோம். ஒரே அசுரனுக்கு 200 தொடை எலும்பா? மண்டை எங்கே? பல் எங்கே? இத்தனை காலமாகக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டார்கள்?

ஆனால் நாம் சிரித்துவிட்டு வந்துவிட்டால் அதுவும் பகுத்தறிவாகிவிடாது. "எலும்பல்ல, மரம்" என்று நாம் சொல்லுகின்றோமே, நமக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கல்லில் ஒரு துண்டை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கின்றார்கள். மரத்தில் நீர் ஏறுகின்ற குழாய்களும், குறுக்கே ஓடுகின்ற கதிர்களும், அறை அறையான அமைப்பும் அப்படியே தெரிகின்றன. எலும்பின் உட்கட்டு வேறு. அதை யாரும் இதோடு குழப்பிக் கொள்ள முடியாது. இந்த அமைப்பை வைத்தே, இது புளியமரத்தின் இனம், இது வேறு இனம் என்று பிரிக்கவும் செய்கின்றார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. கிளையும் வேரும் இலையும் இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதே, எங்கிருந்தோ உருண்டு வந்தன என்பதற்குச் சாட்சி. மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் அணு அணுவான இடத்தில் குடியேறிற்று. உருவம் நின்றது, மரம் போயிற்று. 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கின்றார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகின்றது.

இனி நம்மவர் சங்கதிக்கு வருவோம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. உடனே "டைனோசர் முட்டை" என்று ஊரெங்கும் கைப்பேசிகளில் செய்தி பறந்தது. பறக்கவிட்டவர்களில் புராணத்தைப் பரிகசிக்கும் ஆசாமிகளும் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. முட்டையென்றால் ஓடு இருக்க வேண்டுமே, அந்த ஓட்டில் நுண் துளைகள் இருக்க வேண்டுமே என்று பார்த்தவர் யார்? விஷயம் அறிந்தவர்கள் வந்து பார்த்து, இது முட்டையல்ல, அம்மோனைட்டு என்ற சுருள் ஓட்டுக் கடற்பிராணியைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்றார்கள். ஒரு காலத்தில் அந்த நிலம் கடலடியாக இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதே அம்மோனைட்டு கண்டகி ஆற்றில் கிடைத்தால் அதற்குச் சாளக்கிராமம் என்று பெயர். பெட்டியில் வைத்துப் பூசை! ஒரே பிராணி ஓரிடத்தில் பெருமாள், மற்றோரிடத்தில் டைனோசர் முட்டை. ஏமாந்தவன் பஞ்சாங்கத்தால் ஏமாந்தால் என்ன, விஞ்ஞானத்தின் பெயரால் ஏமாந்தால் என்ன?

படித்த மேதாவிகளும் தவறுகின்றார்கள். ஜெர்மனியில் 1861-ல் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை வெளிப்பட்டது. சுமார் 15 கோடி ஆண்டு முந்தியது. சிறகு உண்டு, கூடவே பல்லும், விரல் நகமும், பல்லிக்கு இருப்பது போன்ற எலும்பு வாலும் உண்டு. டார்வின் நூல் வெளிவந்து இரண்டே வருஷத்தில் கிடைத்ததால் பெரிய பரபரப்பு. ஆனால் அதற்கு முன்பே 1855-ல் அகப்பட்ட ஒரு கல்லைப் பறக்கும் பல்லி என்று சீட்டு எழுதி ஹாலந்து தேசத்து மியூசியம் ஒன்றில் வைத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1970-ல் ஆஸ்ட்ரம் என்பவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மங்கலான இறகுத் தடத்தைக் கண்டு, ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றார். 2017-ல் வேறு இருவர் அவரையும் திருத்தி, இது அதுவல்ல, அதன் உறவான வேறொன்று என்றார்கள். ஆஸ்ட்ரமின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் குருவைத் திருத்தினால் குருத்துரோகம்.

1999-ல் நடந்தது இதைவிட மோசம். சீனத்தில் தோண்டியவர் ஒருவர் பறவையின் உடலையும் வேறொரு பிராணியின் வாலையும் ஒட்டி விற்றுவிட்டார். அமெரிக்காவின் பிரபல பத்திரிகையொன்று அதை நம்பிப் பறவைக்கும் டைனோசருக்கும் நடுவான பிராணி என்று கொட்டை எழுத்தில் போட்டது. சூ ஷிங் என்ற சீன ஆராய்ச்சியாளர் அந்த வாலின் மறுபாதிக் கல்லைக் கண்டெடுத்தார். அது வேறு உடலோடு சேர்ந்திருந்தது. பத்திரிகை தவறை ஒப்புக்கொண்டு அச்சிட்டது. எந்த ஸ்தல புராணம் இதுவரை அப்படி ஒரு திருத்தம் அச்சிட்டிருக்கின்றது?

ஆகவே, கிணறு தோண்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ விநோதமான கல் ஏதாவது தென்பட்டால், பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் பாதி விவரம் இருக்கின்றது. படம் பிடித்து, இடத்தைக் குறித்து, நிலவியல் படித்தவர்களுக்குத் தெரிவிக்கலாம். நமது இராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் மட்டும் தேட வேண்டாம். அவை பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு இறுகிய கருங்கல். அதில் எலும்பும் இல்லை, இறகும் இல்லை. திருவக்கரைக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போங்கள்.