எள்ளளவு வண்ணம் சொன்ன செய்தி

ஓர் ஓவியத்தின் இயல்பை அறிய அதனைச் சுரண்டியே தீர வேண்டுமெனில், ஆராய்ச்சியே அழிவாய் முடிந்துவிடும். பாதி சிதைந்த ஓவியமாயின் சொல்ல வேண்டுவதில்லை. ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் பள்ளத்தாக்கில் நேர்ந்த இக்கட்டு இதுவே. அங்கு நின்ற பேருருவப் புத்தர் சிலைகள் இரண்டும் 2001 மார்ச்சுத் திங்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட கொடுமையை நாம் அறிவோம். ஆயினும் சிலைகளுக்குப் பின்னே குன்றினுள் குடைந்த குகைகளில் பௌத்த ஓவியங்கள் சில சிதைந்தேனும் எஞ்சின. அவற்றைக் காக்க முனைந்த அறிஞர்களுக்கு எழுந்த வினா, பண்டைய ஓவியன் இவ்வண்ணங்களை எதனாற் குழைத்தான் என்பது. அது தெரியாமல் பூச்சு மருந்து தேடுதல் நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

சுவரினின்று எள்ளினும் சிறிய துணுக்குகளை எடுத்துப் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கே 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்திற் சுழல்கின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்குந்தோறும் ஒளி பிறக்கிறது. அதுவே சிங்க்ரோட்ரான் ஒளி. எக்ஸ் கதிரும் அதில் உண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரும் உண்டு.

பொருள்களின் மூலக்கூறுகளில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் ஓயாது அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு இசைந்த அகச்சிவப்பு அலையை மட்டும் விழுங்கும். எந்த அலை குறைந்தது எனக் கண்டால், எண்ணெயா, புரதமா, சுண்ணமா எனச் சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்துச் சாதாரண விளக்கும் இதற்கு உதவும். ஆனால் தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு அதனைக் குறுக்கினால் ஒளி மங்கிப்போகும். சிங்க்ரோட்ரான் ஒளியோ அதனினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட செறிவுடையது. ஆகவே, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பூசிய மெல்லிய வண்ண அடுக்குகளைத் தனித்தனியே நுண்ணோக்கியின்கீழ் வைத்துச் சோதிக்க இயன்றது.

2008இல் முடிவு வெளியாயிற்று. ஆராய்ந்த 50 குகைகளுள் 12இல் எண்ணெய் வண்ணம்! காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எண்ணெய் அக்ரோட்டு அல்லது கசகசாவினதாகலாம் என்றனர். எண்ணெய் ஓவியம் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கண்டுபிடிப்பென நெடுங்காலம் கேட்டு வந்த நமக்கு இது வியப்பே. அதற்காக, அக்கலை ஆசியாவிலேதான் பிறந்தது என முழங்குவதும் அவசரமென்றே எண்ணுகிறோம். அங்கு அது வழக்கில் இருந்தது என்பதற்கு மேல் அத்துணுக்குகள் எதுவும் கூறவில்லை.

2006 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொணர்ந்த வால்மீன் துகள்களும் இத்தகைய ஒளியில் ஆராயப்பட்டன. கதிர் மென்மையானதாகையால் உயிருள்ள செல்களையும் கொல்லாமற் காண்கின்றனர். நம் நாட்டில் முதல் சிங்க்ரோட்ரான் வளையமாகிய இண்டஸ்-1, 1999இல் இந்தூரில் இயங்கத் தொடங்கியது. அதன் சுற்றளவு சுமார் 19 மீட்டரே.